போர் வீல் இருந்தால் போதுமா அண்ணே?

போன ஜூனில் லீவுக்கு ஊர் போயிருந்தேன். சூரியநெல்லி ஜீப் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடையில் இரண்டு பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் போடிக்காரன், இன்னொருவன் பூப்பாறை. இருவருக்கும் கனடா விசா வந்தாயிற்று, செப்டம்பரில் டொராண்டோ பக்கம் படிக்கக் கிளம்புகிறார்கள். வேலை, வாடகை எல்லாம் அப்புறம்தான். முதல் கேள்வியே இதுதான்: "அண்ணே, பழைய போர் வீல் வண்டி ஒண்ணு வாங்கிட்டா பனிக்குப் பயமில்லைல்ல?"

போர் வீல் என்றால் இன்ஜின் நாலு சக்கரத்தையும் சுழற்றுகிற வண்டி. நம் பக்கத்து ஆள் அப்படித்தான் கேட்பான். கொழுக்குமலைக்கு இங்கிருந்து ஜீப்தான் ஏறும். மழைக்காலத்தில் கல்லும் சேறுமாகக் கிடக்கிற அந்தப் பாதையில் முன் சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் வண்டி நகரும். அதைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு வழுக்கல் என்றாலே மருந்து போர் வீல்தான். நானும் அப்படி நினைத்துத்தான் கனடாவுக்குப் போனேன்.

முதல் குளிர்காலத்தில் தெரிந்தவர் ஒருவரிடம் பழைய எஸ்யூவி வாங்கினேன். நாலு வீலும் இழுக்கும். டயர் பாதி தேய்ந்த ஆல் சீசன், அதாவது எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கிற சாதாரண டயர். டிசம்பரில் ஒரு காலை ஷிப்டுக்குப் போகும்போது நல்ல பனி. ஒரு மேட்டில் முன்னால் போன சின்ன சிவிக் கார் திணறித் திணறி ஏறியது. நான் ஒரு மிதி மிதித்து, முந்திக்கொண்டு போனேன். மேடு தாண்டியதும் இறக்கம், இறக்கத்தின் அடியில் சிக்னல், சிவப்பு. பிரேக்கை மிதித்தால் பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறுகிறது, வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. கோட்டைத் தாண்டி, பாதி சந்திப்பைத் தாண்டி, ஓரத்துப் பனிமேட்டில் முட்டி நின்றேன். குறுக்கே எவரும் வராதது என் அதிர்ஷ்டம். கண்ணாடியில் பார்த்தால் அந்த சிவிக் கோட்டுக்குப் பின்னால் அமைதியாக நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. போர் வீல் வண்டியை முன்னே தள்ளும், அவ்வளவுதான். நிறுத்துவதற்கு எல்லாக் காரிலும் நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது. அந்த விஷயத்தில் எஸ்யூவிக்கு ஒரு சலுகையும் கிடையாது, எடை அதிகம் என்பதால் சிரமம்தான் கூடுதல். நிற்பதும் வளைவில் திரும்புவதும் டயர் ரோட்டைப் பிடிக்கிற பிடியில் இருக்கிறது. அப்பா கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கைத் தொடவே மாட்டார், லோ கியரில் போட்டு இன்ஜினே பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார். அத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அது ஏனென்று நான் யோசித்ததில்லை.

ஆகவே கையில் இருக்கிற காசு முதலில் விண்டர் டயருக்கு. மிச்சம் இருந்தால் போர் வீலைப் பற்றி யோசிக்கலாம்.

காரணம் ரப்பர். சாதாரண டயர் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போனதும் இறுக ஆரம்பிக்கிறது. மைனஸ் பத்தில் அது செருப்புத் தோல் மாதிரி. விண்டர் டயரில் இயற்கை ரப்பரும் சிலிகாவும் கூடுதலாகச் சேர்ந்த கலவை, குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். பட்டன்களில் பிளேடால் கீறினாற்போல மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். அவை ஐஸ் மேல் இருக்கிற தண்ணீர்ப் படலத்தை வாங்கிக்கொண்டு பிடிக்கும். மூணாறில் ஜனவரியில் செண்டுவாரைப் பக்கம் புல் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு 'இதுதானே பனி' என்று நினைக்காதீர்கள். கனடாவில் மைனஸ் இருபதைவிட பூஜ்யத்தை ஒட்டிய நாள்தான் மோசம், ஐஸின் மேல் லேசாக நீர் கசிந்து நிற்கும். பாலங்களின் மேல் இன்னும் மோசம், தார் ரோடு ஈரமாக இருப்பது போலத்தான் தெரியும்.

ஆல் சீசன் என்ற பெயரை நம்பிவிடாதீர்கள். அது நம்மூர்ப் பருவங்களுக்குப் பொருந்துகிற பெயர். டயரின் பக்கச் சுவரில் மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் பனிச்செதில் என்று ஒரு படம் இருக்கிறதா பாருங்கள். வெறும் 'எம்+எஸ்' (சேறும் பனியும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) எழுத்து மட்டும் இருந்தால் அது பனியில் சோதித்துத் தேறிய டயர் என்று அர்த்தமில்லை. இந்த மலைப்படம் போட்ட 'ஆல் வெதர்' என்ற ரகமும் உண்டு. வருடம் முழுக்க ஓட்டலாம். பேஸ்மெண்டில் வாடகைக்கு இருந்துகொண்டு இன்னொரு செட் டயரை வைக்க இடமில்லாதவர்களுக்கு அது மோசமில்லை. கனடாவின் கியூபெக் மாகாணம் மாதிரிக் கடுங்குளிருக்கு அசல் விண்டர் டயரே மேல்.

கியூபெக்கில் பதிவான கார் என்றால் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் சட்டப்படி கட்டாயம். டொராண்டோ இருக்கிற ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் போட்டால் இன்ஷூரன்ஸில் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016 முதல் விதி. கேட்டு வாங்குங்கள், அவர்களாகத் தர மாட்டார்கள். ஜெர்மனிக்குப் போகிறவர்கள் கவனிக்க: பனி, ஐஸ் உள்ள ரோட்டில் விண்டர் டயர் வேண்டும் என்ற சட்டம் அங்கே உண்டு. 2024 அக்டோபரிலிருந்து அந்த மலைப்படம் உள்ள டயர்தான் செல்லும்.

வாங்கினால் நாலும் வாங்குங்கள். முன்னால் இரண்டு மட்டும் போட்டு மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வளைவில் பிரேக் போட்டால் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது, பின்னால் இருப்பது முன்னால் வரப் பார்க்கும். தனி ரிம்மோடு வாங்கிவிட்டால் வருடம் இரண்டு முறை மாற்றுவது சுலபம். அக்டோபர் கடைசியிலேயே மாற்றிவிடுங்கள். முதல் பனி விழுந்த அன்றைக்குக் கடைக்குப் போனால் தீபாவளிக்கு முந்தின நாள் ஜவுளிக்கடை மாதிரி இருக்கும். காற்றையும் பாருங்கள். 25 டிகிரியில் அடித்த காற்று மைனஸ் 15இல் ஏறக்குறைய 7 பிஎஸ்ஐ குறைந்திருக்கும்.

சரி, போர் வீலே வேண்டாமா? பனி வாரும் வண்டி வருவதற்கு முன்னால் விடிகாலையில் கிளம்புகிறவர்கள், செங்குத்தான வாசல் உள்ள வீட்டுக்காரர்கள், டவுனுக்கு வெளியே இருப்பவர்கள் என்றால் அது நிஜமாகவே உதவும், விண்டர் டயரோடு சேர்த்து. நம் ஜீப் மாதிரி லீவர் போட்டு முன் அச்சையும் பின் அச்சையும் பூட்டுகிற வகை என்றால் காய்ந்த ரோட்டில் அதைப் போட்டு ஓட்டாதீர்கள். திரும்பும்போது கியர் பெட்டி முறுக்கிக்கொள்ளும்.

அந்தப் போடிப் பையன் போன வாரம் ஒரு படம் அனுப்பினான். செகண்ட் ஹேண்டில் நாலு விண்டர் டயர், மலைப்படம் இருக்கிறது, பட்டன் ஆழமாக இருக்கிறது, மலிவு, வாங்கலாமா என்று. ரிம்முக்கு மேலே, டயரின் பக்கச் சுவரில் 'DOT' என்று தொடங்குகிற வரிசையின் கடைசி நாலு எண்ணைப் படிக்கச் சொன்னேன். 3212. முதல் இரண்டு எண்கள் எத்தனையாவது வாரம் என்பது, அடுத்த இரண்டு எந்த வருடம் என்பது. 2012இல் செய்த டயர்.

"பட்டன் நல்லாத்தானேண்ணே இருக்கு?"

"நகத்தால அழுத்திப் பாரு தம்பி."

சற்று நேரம் பேச்சில்லை. அப்புறம் வந்தான்.

"கல்லு மாதிரி இருக்குண்ணே."