செம்பையும் அலுமினியத்தையும் இணைத்தது எப்படி: என் அனுபவம்

ஃபிரிட்ஜின் அலுமினியக் குழாயைச் செம்புக் குழாயோடு இணைப்பதில் இரண்டு முறை தோற்றேன். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், செம்பு 1085-இல். இரண்டும் தொட்டுக்கொண்டால் 548 டிகிரியிலேயே கலந்து உருகி, ஆறியதும் கண்ணாடிபோல் நொறுங்கும். என் முதல் இணைப்பு அப்படியே கையோடு வந்துவிட்டது.

பிறகு துத்தநாகமும் அலுமினியமும் கலந்த, உள்ளே ஃபிளக்ஸ் (ஆக்சைடை நீக்கி உலோகம் ஒட்ட உதவும் பொருள்) வைத்த பற்றவைப்புக் கம்பியை வாங்கினேன். அது 500 டிகிரிக்குள் உருகிவிடும். அலுமினியத்தின் ஆக்சைடு படலத்தைத் துருப்பிடிக்காத எஃகு பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தேன். சுடரைச் செம்பின் பக்கமே காட்டினேன். கம்பி சுடரில் அல்ல, குழாயின் சூட்டில் உருக வேண்டும். எத்தனை பேர் இங்கே அவசரப்படுகிறார்கள்!

கசிவு இருக்கிறதா என்று பார்க்க, குழாயில் நைட்ரஜன் ஏற்றி இணைப்பில் சோப்பு நுரை தடவினேன். ஒரு குமிழிகூட இல்லை. செம்போடு சேரும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும் என்பதால், சூட்டில் சுருங்கும் உறையை இணைப்பின்மேல் போட்டேன்.