பிரஸ் மேல் பழி போடாதீர்கள்: டோர்டியா தட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு நண்பர் வீட்டில் டோர்டியா பிரஸ் ஒன்றைப் பார்த்தேன். டோர்டியா என்பது மக்காச்சோளத்தில் செய்யும் மெல்லிய மெக்சிகோ ரொட்டி. அதன் மாவு உருண்டையை இரண்டு தட்டுக்கு நடுவே அமுக்கி வட்டமாக்கும் கருவிதான் பிரஸ். வார்ப்பிரும்பில் செய்த, நல்ல கனமான பிரஸ். சமையல் மேடைக்குக் கீழே, பழைய செய்தித்தாளில் சுற்றி, யாரும் தொடாத ஒரு குக்கருக்குப் பின்னால் கிடந்தது. "மூணு தடவை பண்ணிப் பாத்துட்டோம் அக்கா. அமுக்கினா ஓரமெல்லாம் வெடிச்சுப் போகுது, எடுத்தா கையிலேயே உடையுது. பிரஸ் சரியில்ல" என்றாள் நண்பரின் மனைவி. எந்த மாவு என்று கேட்டேன். அவள் எடுத்து வந்த பொட்டலத்தைப் பார்த்ததும், பதினோரு வருடத்துக்கு முன்பு ஹூஸ்டனில் நாங்கள் குடியேறிய அந்தச் சின்ன வீட்டின் அடுப்படி கண்முன் வந்து நின்றது. அதே மஞ்சள் மாவு. அதே பழி, அதே பிரஸ் மேல்.

உருண்டை பெரிதாகிவிட்டது, வட்டம் கோணலாகிவிட்டது என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாலாவது டோர்டியாவில் கை தானாகவே திருந்திவிடும். நாற்பது போட்டாலும் கை திருத்த முடியாத தவறுகள் சில இருக்கின்றன. அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

தவறான மாவு

மற்ற எல்லாத் தவறுகளையும் சேர்த்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது.

கடையில் மக்காச்சோளத்தின் பெயரில் நாலு விதமான பொட்டலங்கள் இருக்கும். நம் ஊரில் கார்ன்ஃபிளவர் என்று சொல்வது வெறும் ஸ்டார்ச். சூப்பைக் கெட்டியாக்க, கோபி பொரிக்க உதவும் வெள்ளைப் பொடி. கார்ன்மீல் ரவை போல நறநறவென்று இருக்கும். மக்காச்சோள மாவு என்பது காய்ந்த சோளத்தை அப்படியே அரைத்தது. பஞ்சாபில் மக்கி ரொட்டி தட்டுவது இதில்தான். இந்த மூன்றிலும் டோர்டியா வராது. நாலாவதாக இருப்பது மாசா ஹரினா. பிரஸ்ஸுக்கு உரியது அது ஒன்றுதான்.

நான் முதலில் வாங்கியது மக்காச்சோள மாவு, இரண்டு பெரிய பை. வார இறுதியில் எட்டுப் பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். அலுமினிய பிரஸ்ஸில் இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து அமுக்கினேன். ஓரம் முழுக்க வெடிப்பு. பிளாஸ்டிக்கிலிருந்து எடுத்தால் பாதி அதிலேயே ஒட்டிக்கொண்டது. வெந்நீர் ஊற்றிப் பிசைந்தேன். கொஞ்சம் மைதா கலந்தேன். பிறகு இன்னும் கொஞ்சம் மைதா. கடைசியில் மேசைக்குப் போனது சப்பாத்தியும் இல்லை, டோர்டியாவும் இல்லை. மறுநாள் அந்த பிரஸ்ஸைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு மடங்கு விலையில் வார்ப்பிரும்பு பிரஸ் வாங்கி வந்தேன். அதிலும் அதே வெடிப்பு.

எங்கள் பக்கத்து வீட்டில் மெக்சிகோவின் பூயெப்லாவிலிருந்து வந்த ஓர் அம்மாள் இருந்தார். என்னை "மிஹா" என்றுதான் கூப்பிடுவார். மகளே என்று அர்த்தம். ஒரு நாள் மாலை பிரஸ்ஸை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் பிரஸ்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாவில் ஒரு சிட்டிகை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். "இது மாசா இல்லை" என்று கீழே வைத்துவிட்டார். உள்ளே போய்த் தன் டப்பாவைத் திறந்து காட்டினார். அந்த வாசனை எனக்கு முன்பே தெரியும். பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரில் தண்ணீர் பட்டால் எழுமே, அந்த வாசனை. சுண்ணாம்பு.

சூட்சுமம் முழுக்க அந்தச் சுண்ணாம்பில்தான் இருக்கிறது. காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, அதே தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவிடுவார்கள். காலையில் மேல்தோல் வழுவழுத்துக் கழன்று வரும். அலசிவிட்டு ஈரத்தோடு அரைத்தால் மாசா. அதைக் காயவைத்துப் பொடியாக்கியதுதான் மாசா ஹரினா. ஊறிய சோளத்துக்குப் பெயர் நிஷ்டமால். மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டிலில் சாம்பலைக் குறிக்கும் சொல்லும், தமால் என்ற சோளமாவுப் பண்டத்தைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து பிறந்த பெயர் அது. மரச்சாம்பலிலும் இதைச் செய்திருக்கிறார்கள். மெக்சிகோவிலும் குவாதமாலாவிலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடந்துவரும் வேலை.

கோதுமையில் மாவை இழுத்துப் பிடிக்கும் குளூட்டன் இருக்கிறது. சோளத்தில் அது கிடையாது. சுண்ணாம்பு தோலின் நார்ப்பகுதியைக் கரைத்துப் பசையாக்குகிறது. மாவுச்சத்தும் பாதி வெந்து இளகுகிறது. அந்தப் பசைதான் மாவை ஒன்றுசேர்த்து, இரண்டு மில்லிமீட்டர் மெலிவிலும் உடையாமல் மடங்கவைக்கிறது. பச்சை மக்காச்சோள மாவில் வெந்நீர் விட்டுத் தடிமனாக ரொட்டி தட்டலாம், நன்றாகவே இருக்கும். பிரஸ்ஸில் மெலிதாக அமுக்கி, வெந்த பின் உள்ளே கறியை வைத்து மடிக்க முடியாது. பிரஸ்ஸை மாற்றினாலும் முடியாது, தண்ணீரை மாற்றினாலும் முடியாது.

இதில் ருசியும் பதமும் மட்டும் இல்லை. சோளத்தில் இருக்கும் நியாசின் என்ற வைட்டமின் நம் உடம்பால் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு அதை அவிழ்த்துவிடுகிறது. ஐரோப்பியர்கள் அமெரிக்காவிலிருந்து சோளத்தைக் கொண்டுபோனார்கள். சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். 1735இல் ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர், சோளத்தையே நம்பிப் பிழைத்த ஏழைகளிடம் ஒரு நோயைக் கண்டு எழுதிவைத்தார். தோல் வெடிக்கும், வயிறு போகும், புத்தி பேதலிக்கும். பின்னால் இத்தாலியில் அதற்குப் பெல்லாக்ரா என்று பெயர் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நான் இருக்கும் இதே அமெரிக்கத் தெற்கில் ஆயிரக்கணக்கானவர்கள் அதில் இறந்தார்கள். அது தொற்றுநோய் இல்லை, சாப்பாட்டுக் குறை என்று 1914 முதல் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் போராடிக் காட்டினார். குறைந்த சத்து நியாசின்தான் என்பது 1937இல்தான் தெரிந்தது. அந்தக் காலம் முழுக்க மெக்சிகோவில் ஏழைப் பெண்கள் தினமும் சோளத்தில் சுண்ணாம்பு போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதனால்தான் "மக்காச்சோள மாவு இரண்டு கப், மைதா அரை கப்" என்று யாராவது டோர்டியா சொல்லித் தந்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. மைதா சேர்த்தால் உடையாது, உண்மை. உடையாததால் செய்தது சரி என்று நினைத்துவிடுவார்கள். டோர்டியாவின் மணமே தெரியாமல் "அவ்வளவுதானா இது" என்று பிரஸ்ஸைச் செய்தித்தாளில் சுற்றிவிடுவார்கள்.

வாங்கும்போது பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானத்தில் சோளத்தோடு லைம் என்று இருக்க வேண்டும். அது எலுமிச்சை இல்லை, சுண்ணாம்பு. இதைப் படித்துவிட்டு மாவில் எலுமிச்சை பிழிந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர். மசேக்கா என்ற மாவு பல நாடுகளில் கிடைக்கிறது. அதைத் தயாரிக்கும் குரூமா நிறுவனம் 1949இல் மெக்சிகோவின் நுவேவோ லியோன் மாநிலத்தில் தொடங்கியது. முதல் முறைக்கு அது போதும்.

மாவு கிடைக்காத ஊரில் இருந்தால் நிஷ்டமாலை வீட்டிலேயே செய்யலாம். ஒரு கிலோ காய்ந்த வெள்ளை அல்லது மஞ்சள் மக்காச்சோளம், 10 கிராம் சுண்ணாம்பு, மூன்று லிட்டர் தண்ணீர். தோலை விரலால் தேய்த்தால் கழலும் வரை, அரை மணி முதல் முக்கால் மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டு, மூடி, மறுநாள் காலை வரை வையுங்கள். சுவீட் கார்ன் இதற்கு ஆகாது. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, சுண்ணாம்பு அதை அரிக்கும், எவர்சில்வர் எடுங்கள். சுண்ணாம்பு உணவுக்கென்று விற்கும் நீற்றிய சுண்ணாம்பாக இருக்கட்டும். சுவருக்கு அடிப்பதைத் தொடாதீர்கள். நீற்றாத சுண்ணாம்புக்கல் தண்ணீர் பட்டதும் கொதித்துக் கையைப் பொசுக்கிவிடும்.

இட்லி கிரைண்டரில் அரைக்கலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். அரைபடும். கல் ஓடுவதற்காகத் தண்ணீர் விட வேண்டியிருக்கும், மாவு தோசை மாவாகத் தளர்ந்துவிடும். அதை இறுக்க மறுபடி மாசா ஹரினாதான் வேண்டும்.

கோதுமை மாவை பிரஸ்ஸில் வைப்பது

அமுக்கினால் விரியும், விட்டால் சுருங்கும். வட மெக்சிகோவிலும் கோதுமை டோர்டியா உண்டு. அதைக் கட்டையால் தேய்ப்பார்கள், கையால் இழுத்து விரிப்பார்கள். சப்பாத்திக்கு உங்களிடம் கட்டை இருக்கிறது.

பிரஸ்ஸில் எண்ணெய் தடவுவது

வேண்டாம். மாவும் தூவ வேண்டாம்.

மெல்லிய பிளாஸ்டிக் உறை

பாத்திரத்தை மூடும் அந்த ஒட்டுத்தாள் சுருங்கி மாவுக்குள் மடிந்துகொள்ளும். ஃப்ரீசருக்கான தடித்த ஜிப் பையை மூன்று பக்கமும் வெட்டி, புத்தகம் போலத் திறந்து வையுங்கள். ஒரு பை ஒரு வருடம் வரும்.

அளவுக் கப்பை நம்பிப் பதத்தை விடுவது

இரண்டு கப் மாசா ஹரினாவுக்கு ஒன்றரை கப் வெதுவெதுப்பான தண்ணீர் என்பது ஆரம்பக் கணக்கு. மழைக்காலத்து மாவு ஒரு மாதிரி குடிக்கும், திறந்து வைத்த பழைய மாவு வேறு மாதிரி. பிசைந்து, ஈரத்துணி போட்டு 20 நிமிடம் வையுங்கள். தண்ணீரை உள்வாங்க அதற்கு அந்த நேரம் வேண்டும். பிறகு ஒரு சின்ன உருண்டையை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பாருங்கள். ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை, கையில் ஒட்டினால் அதிகம். கொழுக்கட்டைச் சொப்பு செய்யத் தெரிந்த கைக்கு இந்தப் பதம் சீக்கிரம் பிடிபடும். அந்த மாவைவிட ஒரு சொட்டு இளக்கம், அவ்வளவுதான்.

உருட்டி வரிசையாக அடுக்கிவிட்டு போன் பேசப் போகாதீர்கள். பத்து நிமிடத்தில் மேலே காய்ந்து, மறுபடி வெடிக்க ஆரம்பிக்கும். கடைசி உருண்டை வரை ஈரத்துணி மேலேயே கிடக்கட்டும்.

பலத்தைக் காட்டுவது

நான் திருப்பிக் கொடுத்த பிரஸ்ஸின் ரகத்திலேயே இன்னொன்றை என் தம்பி வாங்கினான். முதல் நாளே முழு உடம்பையும் போட்டு அமுக்கினான். கைப்பிடி முறிந்து கையில் வந்தது, உள்ளங்கையில் காயம். மாசாவுக்கு அவ்வளவு பலம் தேவையே இல்லை. கைப்பிடி மேல் உள்ளங்கையை வைத்துத் தோளைத் தளர்த்திச் சாய்ந்தாலே போதும். அதற்கு மேல் பலம் கேட்கிறது என்றால் மாவு வறண்டிருக்கிறது, தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள்.

பிரஸ் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அமுக்காது. சில பிரஸ்ஸில் கீல் பக்கம் மெலிந்துபோகும், சிலதில் கைப்பிடிப் பக்கம். 35 கிராம் உருண்டையை நடுவிலிருந்து சற்றே கீல் பக்கம் தள்ளி வைத்து லேசாக அமுக்குங்கள். திறந்து, பிளாஸ்டிக்கோடு அரைச்சுற்றுத் திருப்பி, இன்னொரு முறை அமுக்குங்கள். உங்கள் பிரஸ்ஸின் குணம் ஐந்தாறு டோர்டியாவில் தெரிந்துவிடும்.

டோர்டியாவைப் பிளாஸ்டிக்கிலிருந்து பிய்ப்பது

பிளாஸ்டிக்கை டோர்டியாவிலிருந்து உரியுங்கள். மேல் தாளை முதலில் உரித்து, டோர்டியாவைக் கையில் கவிழ்த்து, அடித்தாளையும் உரித்தெடுங்கள்.

கல்லில் ஒரே பக்கம் வேகவிடுவது

கொமால் என்பது மெக்சிகோக்காரர்கள் டோர்டியா சுடும் கல். நம் இரும்பு தோசைக்கல்லே நன்றாக வேலை செய்யும், எண்ணெய் இல்லாமல். சப்பாத்திப் பழக்கத்தில் முதல் பக்கத்தை நன்றாகச் சிவக்கவிடுகிறார்கள். அப்போது அது காய்ந்து அட்டையாகிவிடுகிறது. முதல் பக்கம் 20 வினாடி, ஓரம் கல்லை விட்டு எழுந்ததும் திருப்ப வேண்டும். இரண்டாம் பக்கம் சுமார் ஒரு நிமிடம், அங்கங்கே புள்ளி விழும்வரை. மறுபடி திருப்பினால், பதம் சரியாக இருந்தால், உள்ளே நீராவி கட்டி உப்பும். உப்பாவிட்டால் துணியால் நடுவில் மெல்லத் தட்டுங்கள். பூயெப்லா அம்மாள் விரல் நுனியால் தட்டுவார். எனக்கு அந்தச் சூடு இன்னும் தாங்குவதில்லை.

சூட்டோடு தட்டில் போடுவது

கல்லிலிருந்து எடுத்த டோர்டியா விறைப்பாக, ஓரம் காய்ந்து, மடித்தால் கீறும். பலர் இங்கேதான் மனமுடைந்துபோகிறார்கள். அது இன்னும் முடியவில்லை. ஒரு கூடையில் தடித்த பருத்தித் துணி விரித்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, நாலு பக்கமும் மூடி 10 நிமிடம் விடுங்கள். தன் ஆவியிலேயே அது இளகும். இடியாப்பத்துக்கு இருக்கும் ஹாட்பாக்ஸிலும் வைக்கலாம், அடியிலும் மேலேயும் துணி இருக்கட்டும். இல்லையென்றால் மூடியில் கோத்த தண்ணீர் சொட்டி நனைத்துவிடும்.

நண்பர் வீட்டுக்குப் போன சனிக்கிழமை ஒரு பை மாசா ஹரினா வாங்கிப் போனேன். பிரஸ்ஸில் இருந்த துருவைத் தேய்த்து எடுத்தோம். பதினாறு டோர்டியா வந்தது. மூடி வைக்கும் அளவுக்கு ஆறுதான் மிஞ்சியது.