சிறு படகில் கொடி: பிரிட்டன் கடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு மாடியில் ஏற்றும் கொடி, ஏற்றியவரின் உணர்வைக் காட்டுகிறது. படகில் ஏற்றும் கொடியோ, அந்தப் படகு எந்த நாட்டைச் சேர்ந்தது, இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்பதை எதிரே வரும் கப்பலுக்கும் துறைமுகத்துக்கும் சுங்க அதிகாரிக்கும் அறிவிக்கிறது. அறிவிப்பு பிழையானால் பார்ப்பவர் தவறான முடிவுக்கு வருவார். சில வேளைகளில் சட்டமும் குறுக்கிடும். பிரிட்டனில் பொழுதுபோக்குக்காகச் சிறு மோட்டார் படகோ பாய்மரப் படகோ வாங்குவோர், கொடியைக் கடைசி நேர அலங்காரமாகக் கருதுவதால் நேரும் பிழைகளை இங்கே பார்ப்போம்.

இவற்றுள் முதன்மையானது, யூனியன் ஜாக்கைப் படகின் பின்புறத்தில் ஏற்றுவது. நாட்டின் கொடி அதுதானே என்று எண்ணுவது இயல்பே. ஆனால் 1995ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டப்படி, பிரிட்டனைச் சேர்ந்த படகு ஏற்றுவதற்கு உரிய கொடி ரெட் என்சைன், அதாவது கம்பத்தை ஒட்டிய மேல் மூலையில் யூனியன் ஜாக் அமைந்த சிவப்புக் கொடி. அதன்மேல் எந்தச் சின்னத்தையும் எழுத்தையும் சேர்க்கக் கூடாது. வெறும் யூனியன் ஜாக்கையோ அரச கடற்படைக்குரிய வெள்ளை என்சைனையோ அனுமதிப் பத்திரமின்றி ஏற்றினால், படகை நடத்துபவரும், உரிமையாளர் படகில் இருந்தால் அவரும், கொடியை ஏற்றிய மற்றவரும் குற்றம் புரிந்தவராவர். சுங்க அதிகாரி படகில் ஏறி அந்தக் கொடியைப் பறிமுதல் செய்யவும் சட்டம் இடமளிக்கிறது. நீல என்சைனைச் சில படகுக் கழகங்களின் உறுப்பினர்கள் ஏற்றலாம் என்பது உண்மைதான். ஆயினும் கழகத்தில் சேர்ந்ததாலேயே அந்த உரிமை வந்துவிடாது, அதற்கென ஒரு பத்திரத்தைத் தனியே பெற்றிருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் செயின்ட் ஜார்ஜ் சிலுவைக் கொடியையும் ஸ்காட்லாந்தின் நீலக் கொடியையும் பின்புறத்தில் ஏற்றுவோரும் உண்டு. கடலில் இவற்றுக்கு வேறு பொருள் இருப்பதை அவர்கள் அறிவதில்லை. வெள்ளைப் பரப்பில் சிவப்புச் சிலுவை, அரச கடற்படையில் அட்மிரலுக்குரிய கொடி. நீலப் பரப்பில் வெள்ளைப் பெருக்கல் குறியோ, பன்னாட்டுச் சமிக்ஞை முறையில் எம் என்ற எழுத்துக்குரிய கொடி. ‘என் கலம் நின்றுவிட்டது, நீரில் நகரவில்லை’ என்பது அதன் செய்தி. முழு வேகத்தில் விரையும் படகில் அந்தக் கொடி பறந்தால், அது நேர் எதிரான தகவலைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பிரிட்டனில் வாழும் தமிழர் சிலருக்குத் தம் பூர்வீக நாட்டின் கொடியைப் படகில் ஏற்ற ஆசை வரலாம். அந்த ஆசையில் குறை காண எதுவுமில்லை. எனினும் பின்புறக் கம்பம் படகின் நாட்டைக் காட்டும் இடமாகும். உரிமையாளர் எங்கே பிறந்தார் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. பிரிட்டனைச் சேர்ந்த படகின் பின்புறத்தில் இந்தியக் கொடியோ இலங்கைக் கொடியோ பறந்தால், அது அந்நாட்டுப் படகு என்றே மற்றவர்கள் கொள்வார்கள்.

பிற நாட்டுக் கொடியை முறையாக ஏற்றும் தருணம் ஒன்று உண்டு. ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சுக்குச் செல்லும் படகு, அந்நாட்டின் மூவண்ணக் கொடியின் சிறிய வடிவத்தைப் பாய்மரத்தின் வலப்பக்கக் குறுக்குச் சட்டத்திலிருந்து மரியாதைக் கொடியாக ஏற்றுகிறது. அதே கயிற்றில் அதற்கு மேலே வேறு எந்தக் கொடியும் இருக்கக் கூடாது. கிழிந்து நைந்த மரியாதைக் கொடியை ஏற்றுவதைவிட ஏற்றாமல் விடுவதே மேல் என்பது என் கருத்து. விருந்தினராகச் செல்லும் இடத்தில் அது அவமதிப்பாகவே படும். வெளிநாட்டுத் துறைமுகத்துக்குள் நுழையும்போதும் அங்கிருந்து வெளியேறும்போதும் தன் சொந்த ரெட் என்சைனைக் காட்டுவது சட்டப்படி கடமை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பன்னாட்டுச் சமிக்ஞை முறையில் கியூ என்ற எழுத்துக்குரிய மஞ்சள் கொடியை மறப்பது இதைவிடச் சிக்கலானது. வெளிநாட்டிலிருந்து திரும்பும் படகு, பிரிட்டனின் கடல் எல்லைக்குள், அதாவது கரையிலிருந்து 12 கடல் மைல் தொலைவுக்குள் வந்தவுடனே அதை எளிதில் தெரியும்படி ஏற்ற வேண்டும். அதிகாரிகளின் அனுமதி கிடைக்கும்வரை இறக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பிறகு, பிரான்சிலிருந்தோ நெதர்லாந்திலிருந்தோ வரும் படகுக்கும் இது பொருந்தும். பழைய வழக்கத்திலேயே இருப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

அளவில் நேரும் பிழை இரு பக்கமும் உண்டு. படகின் நீளத்தில் ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் என்சைனின் நீளத்தைத் தேர்வது நெடுநாள் வழக்கம். பிரிட்டனில் கொடிகள் கஜக் கணக்கில் விற்கப்படுகின்றன. அரைக் கஜக் கொடி 18 அங்குல நீளமும் 9 அங்குல அகலமும் கொண்டது, 18 அடிப் படகுக்கு அது சரியாக அமையும். அதைவிடப் பெரிய கொடி நீரில் தோய்ந்து இழுபடும். வெளியே பொருத்திய இயந்திரம் உள்ள படகில் அதன் நுனி சுழலும் பாகத்தில் சிக்கவும் கூடும்.

தலைகீழாக ஏற்றுவதும் அடிக்கடி நேர்கிறது. கம்பத்தை ஒட்டிய பாதியில், குறுக்காகச் செல்லும் அகன்ற வெள்ளைப் பட்டை சிவப்புப் பட்டைக்கு மேலே இருக்க வேண்டும். பிரிட்டனில் தைக்கப்படும் கொடிகளின் மேல்முனையில் பெரும்பாலும் ஒரு சிறு மரக்கட்டை கோக்கப்பட்டிருக்கும். அது இருக்கும் பக்கம் மேலே என்று நினைவில் வைத்துக்கொண்டால் காற்றிலும் ஆட்டத்திலும் குழப்பம் வராது.

கம்பத்தைப் பொருத்தும்போது செய்யும் தவறுகள் உடனே தெரிவதில்லை, ஆகவே அவற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. படகின் பின்விளக்கு நேர் பின்னிருந்து இரு பக்கமும் 67.5 பாகை வீதம், மொத்தம் 135 பாகைக்குத் தெரிய வேண்டும் என்பது கடல் மோதல் தடுப்பு விதி. நடுவில் நிறுத்திய கம்பமும் அதில் தொங்கும் கொடியும் அந்த விளக்கை மறைத்தால், இருட்டில் பின்னால் வரும் கலம் உங்களைக் காணாமல் போகலாம். பகலில் கம்பத்தைப் பொருத்திவிட்டு இரவில் ஒருமுறைகூடப் பின்னிருந்து பார்க்காதவர்களே இதில் மாட்டிக்கொள்கிறார்கள். இயந்திரம் நடுவில் இருக்கும் படகில் கம்பத்தைச் சற்று வலப்பக்கமாகத் தள்ளி, பின்னோக்கிச் சாய்த்து நிறுத்துவது பெரும்பாலும் இந்தச் சிக்கலையும் தீர்த்துவிடும்.

அடுத்தது துளை. கண்ணாடியிழைப் படகுகளின் பின்சுவரிலும் மேல்தளத்திலும் உள்ளே ஒட்டுப்பலகையோ பால்சா மரமோ இருப்பதுண்டு. திருகாணி போட்ட துளையை நீர்புகாப் பசையால் அடைக்காமல் விட்டால், நீர் மெல்ல உள்ளே இறங்கி மரத்தை மக்கச் செய்யும். மேலே எதுவும் தெரியாமல் உள்ளே அழுகல் பரவும். பின்புறத்தில் கைப்பிடிக் குழாய் இருக்குமானால் அதில் கவ்வி மூலம் கம்பத்தைப் பொருத்துவதே நல்லது, துளையே தேவைப்படாது. அலுமினியத் தளத்தில் துருப்பிடிக்காத எஃகுத் தாங்கியை நேரடியாக வைத்தால், உப்புநீர் பட்டு அலுமினியம் அரிக்கப்படும். இரண்டுக்கும் இடையில் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் தகடு ஒன்று வேண்டும். வேகப் படகின் அதிர்வில் கம்பம் தாங்கியிலிருந்து எகிறி விழுந்துவிடும் என்பதால், பூட்டும் திருகோ ஒரு சிறு கயிறோ அவசியம். ரேடியோ ஆண்டெனாவைக் கொடிக்கம்பமாகப் பயன்படுத்தவே கூடாது. அதன் அடிப்பகுதி கொடியின் இழுவையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. ஆபத்தில் உதவி கேட்க இருக்கும் கருவியைக் கொடிக்காகப் பணயம் வைப்பது ஏற்க முடியாதது.

துறையில் இருக்கும்போது என்சைனைக் காலை 8 மணிக்கு ஏற்றி, சூரியன் மறையும்போதோ இரவு 9 மணிக்கோ, எது முந்தியதோ அப்போது இறக்குவது மரபு. நவம்பர் 1 முதல் பிப்ரவரி 14 வரை காலை 9 மணிக்கு ஏற்றுவார்கள். வாரக்கணக்கில் ஆளில்லாத படகில் கொடியை விட்டுச் செல்பவர்கள் மரபை மீறுவதோடு கொடியையும் இழக்கிறார்கள். வெயிலும் காற்றும் அதன் ஓரத்தை நூல்நூலாகப் பிரித்துவிடும்.

உயிரோடு தொடர்புடையது ‘ஏ’ (A) என்ற எழுத்துக்குரிய சமிக்ஞைக் கொடி. வெள்ளையும் நீலமுமான அந்தக் கொடி, நீருக்கடியில் முக்குளிப்பவர் இருக்கிறார், விலகி மெதுவாகச் செல்லுங்கள் என்கிறது. காற்றில்லாத நேரத்தில் துணிக்கொடி சுருண்டு தொங்கிவிடும் என்பதால்தான், முக்குளிப்பில் ஈடுபடும் சிறு படகு குறைந்தது ஒரு மீட்டர் உயரமுள்ள விறைப்பான பலகை வடிவில், எல்லாத் திசையிலிருந்தும் தெரியும்படி அதைக் காட்ட வேண்டும் என்று விதி கூறுகிறது. முக்குளித்தவர்கள் மேலேறிய பின்னும் அதை இறக்காமல் ஓடுவது கடுமையான தவறு, ஏனெனில் அந்தச் சமிக்ஞையை மற்றவர்கள் நம்பாமல் போவதற்கு அதுவே வழிவகுக்கும்.

விழா நாள்களில் சமிக்ஞைக் கொடிகளை வரிசையாகத் தொங்கவிடுவது அழகுதான். ஆனால் அது நங்கூரமிட்டோ கட்டியோ இருக்கும் படகுக்கு உரியது. கொடிகளை மனம்போன வரிசையில் கோத்துவிடவும் கூடாது. ‘என்’ (N) என்ற எழுத்துக்குரிய கொடிக்குக் கீழே ‘சி’ (C) என்ற எழுத்துக்குரிய கொடி வந்தால் அது பன்னாட்டு அபாய அழைப்பு. எந்தச் செய்தியும் உருவாகாதபடி அமைத்த வரிசையை, பிரிட்டனின் படகோட்டிகள் அமைப்பான ராயல் யாட்டிங் அசோசியேஷன் பரிந்துரைத்திருக்கிறது. அதைப் பார்த்து, கொடிகளை முன்கூட்டியே ஒரே கயிற்றில் கோத்து வைத்துக்கொள்ளலாம்.