சுவருக்கு அடித்து மீந்த பெயின்ட்டைச் சின்னப் பாட்டிலில் எடுத்து வையுங்கள்

வீட்டுக்கு எமல்ஷன் பெயின்ட் அடித்து முடித்ததும், வாளியின் அடியில் மீந்திருப்பதைக் கொட்டிவிடாதீர்கள். பின்னால் சுவரில் கிறுக்கல் விழுந்தால், அந்த இடத்தை மட்டும் திருத்த உதவும். வடிகட்டி, பிளாஸ்டிக் மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி, நிறத்தின் எண், அறையின் பெயர், அடித்த தேதி மூன்றையும் ஒட்டி வையுங்கள். ஊறுகாய் பாட்டில் போதும், ஆனால் பழைய லேபிளைக் கட்டாயம் உரித்துவிடுங்கள். குழந்தைகளின் கைக்கு எட்டாத பரணில்தான் அது இருக்க வேண்டும்.

பெரிய டப்பாவில் கொஞ்சமாக விட்டுவைத்தால், உள்ளே இருக்கும் காற்றுப் பட்டு மேலே ஆடை கட்டிவிடும். நிரம்பிய பாட்டிலில் காற்றுக்கே இடமில்லை. கடையில் அதே எண்ணைச் சொல்லிப் புதிதாகக் கலக்கினாலும் சில சமயம் நிறம் இம்மி மாறும். அதே வாளியின் பெயின்ட் என்றால் அந்தக் கவலை இல்லை. சுவருக்கு ரோலர் ஓட்டியிருந்தால், திருத்தும்போது பிரஷ் வேண்டாம். ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றி எடுங்கள், ரோலரின் சொரசொரப்பு அப்படியே கிடைக்கும்.

கிரேயான் கிறுக்கலின் மேல் நேரடியாக அடித்தால் மெழுகில் பெயின்ட் ஒட்டாது. ஈரத்துணியில் சமையல் சோடா தொட்டு மெதுவாகத் தேய்த்துவிட்டு அடியுங்கள். ஸ்கெட்ச் பேனா மை ஊறி மேலே வந்துவிடும், அதற்கு முதலில் பிரைமர் என்னும் அடிப்பூச்சு தேவை. வெயில் பட்டு வெளுத்த சுவரில் இந்த யோசனை எடுபடாது, திட்டாகத் தெரியும். பாட்டிலைத் திறந்ததும் புளித்த நாற்றம் அடித்தால் பெயின்ட் கெட்டுவிட்டது.