100×100 ரசிகர் ஐகான்: கூர்மை எங்கே வேண்டும், விமர்சனத்தை எப்படி வாசிப்பது?

ரசிகர் ஐகான் என்பது பிடித்த நடிகரின் அல்லது தொடரின் காட்சியை வெட்டி, இணையக் கணக்கின் அடையாளப் படமாக வைக்கும் சின்னச் சதுரம். அதைச் செய்யத் தொடங்கும் எல்லோருக்கும் முதல் தடை ஒரே இடத்தில்தான் வரும். முழுத்திரையில் பளிச்சென்று இருந்த முகம், 100×100 பிக்சலுக்குச் சுருக்கியதும் மங்கிவிடும். உடனே படத்தைக் கூர்மையாக்கும் ஷார்ப்பன் ஃபில்டரைத் தட்டுவோம். கொஞ்சம் தெளிந்த மாதிரி தெரியும், அதனால் இன்னொரு முறை தட்டுவோம். இப்போது தலைமுடி கம்பி கம்பியாக நிற்கும், கன்னத்தில் புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பு வரும், தோளைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடும். அதை நான்கு பேர் பார்க்க வைத்தால் 'ஓவர்ஷார்ப்' என்று ஒற்றை வார்த்தையில் விமர்சனம் வந்து விழும்.

கூர்மை, விமர்சனம் இரண்டையும் ஒரே விளக்கத்தில் சேர்த்திருக்கிறேன், காரணம் இருக்கிறது. எங்கே கூர்மை வைக்கிறோமோ அங்கேதான் பார்ப்பவரின் கண் நிற்கும். கண் உண்மையில் எங்கே போய் நின்றது என்பதை விமர்சனம் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழகிவிட்டால் ஐகான் தானாகவே முன்னேறும்.

100×100 என்ற அளவு எங்கிருந்து வந்தது? 1999இல் பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் தொடங்கிய லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்தில் பயனர் படத்துக்கு உச்ச அளவு 100×100 பிக்சல், 40 கேபி. தொலைக்காட்சித் தொடர் ரசிகர்கள் அந்தச் சின்னச் சதுரத்துக்குள்ளேயே ஒரு கலையை வளர்த்தார்கள். நம்மூர் ரசிகர்கள் நடிகர் பிறந்தநாளுக்கு வெளியிடும் காமன் டிபி வேறு வகை. அது பெரிய அளவில், போஸ்டர் மாதிரி வடிவமைக்கப்படுவது. ஐகானில் ஒரு கண்ணுக்கே ஏழெட்டு பிக்சல்தான் கிடைக்கும், அதனால் இங்கே ஒவ்வொரு பிக்சலும் கணக்கு.

கீழே ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளை வைத்துத்தான் சொல்கிறேன், அது இலவசம். போட்டோஷாப்பில் மாறும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

படி 1: நல்ல ஃபிரேமைப் பிடியுங்கள்

கூர்மையின் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். விஎல்சி வீடியோ பிளேயரில் காட்சியை நிறுத்தி, 'ஈ' விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு ஃபிரேமாக நகருங்கள். நடிகர் தலையைத் திருப்பும் நொடியில் எல்லாம் இழுபட்டுத்தான் இருக்கும். திருப்பி முடித்து, பேசத் தொடங்குவதற்கு முன் ஒரு சின்ன அசைவின்மை வரும், அதுதான் நமக்கு வேண்டிய ஃபிரேம். விண்டோஸில் ஷிஃப்ட் விசையோடு 'எஸ்' தட்டினால் படம் சேமிக்கப்படும்.

பழைய டிவிடியிலிருந்து எடுத்தால் விளிம்புகளில் சீப்புப் பல் மாதிரி கிடைக்கோடுகள் வரலாம். அது இன்டர்லேஸ் பிரச்சினை, அதாவது ஒற்றைக் கோடுகளும் இரட்டைக் கோடுகளும் வெவ்வேறு நொடியில் பதிவானதால் வருவது. விஎல்சியின் வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸை இயக்கிவிட்டு மறுபடி எடுங்கள். அந்தக் கோடுகளோடு ஷார்ப்பன் செய்தால் முகத்தைவிடக் கோடுகள்தான் முதலில் தெரியும்.

இணையத்தில் யாரோ ஏற்கெனவே ஜேபெக்காகச் சேமித்த படத்தை எடுக்கும்போதும் கவனம் தேவை. ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறது. அதிகம் சுருக்கிய படத்தில் அந்தக் கட்டங்களின் ஓரம் லேசாகத் தெரியும், ஷார்ப்பன் செய்தால் பளிச்சென்று தெரியும். முடிந்தவரை நீங்களே ஃபிரேம் எடுத்து, தரம் குறையாமல் சேமிக்கும் பிஎன்ஜியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கிராப், அப்புறம் சுருக்கம்

கிராப் கருவியில் விகிதத்தை 1:1 என்று பூட்டிவிட்டு முகத்தைச் சுற்றி வெட்டுங்கள். 1920×1080 ஃபிரேமில் ஒரு நெருக்கக் காட்சி கிட்டத்தட்ட 600×600 பரப்பு தரும். அதை 100×100 ஆக்கும்போது 36 பிக்சல் சேர்ந்து ஒரு பிக்சல் ஆகிறது. கண்ணிமையின் கருமையும் பக்கத்துத் தோலின் வெளிச்சமும் கலந்து சராசரியாகிப் போகின்றன. மங்கல் வருவது இதனால்தான். இது உங்கள் தவறு இல்லை, கணக்கு அப்படி.

இமேஜ் மெனுவில் ஸ்கேல் இமேஜைத் திறந்து, இன்டர்பொலேஷன் என்ற இடத்தில் 'நோஹேலோ'வைத் தேர்ந்தெடுங்கள். பாதிக்கும் கீழே சுருக்கும்போது அது நன்றாக வேலை செய்யும். போட்டோஷாப்பில் 'பைக்யூபிக் ஷார்ப்பர்' என்று ஒன்று உண்டு. அது சுருக்கும்போதே கொஞ்சம் கூர்மையையும் சேர்த்துவிடும். அதைப் பயன்படுத்தினால் அடுத்த படியில் அளவைப் பாதியாகக் குறையுங்கள். பலருடைய ஐகான் ஓவர்ஷார்ப் ஆவது இந்த இரட்டைக் கூர்மையால்தான்.

பெரிய படத்திலேயே ஷார்ப்பன் செய்துவிட்டுச் சுருக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அந்தக் கூர்மை சராசரியில் கரைந்துவிடும், தேவையில்லாத சொரசொரப்புதான் மிஞ்சும். முதலில் சுருக்கம், பிறகு வெளிச்சமும் நிறமும், அதற்குப் பிறகுதான் கூர்மை. எழுத்தும் டெக்ஸ்சரும் (மேலே பரப்பும் அலங்கார இழைவடிவம்) கடைசி. எழுத்தை ஒருபோதும் ஷார்ப்பன் செய்யாதீர்கள், ஓரம் உடைந்துவிடும்.

படி 3: அன்ஷார்ப் மாஸ்க்

இதற்குத்தான் நிறைய நேரம் கொடுக்க வேண்டும், அதனால் நிதானமாகப் போவோம்.

முதலில் லேயரை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாளை, நகலெடுங்கள். ஷிஃப்ட், கன்ட்ரோல், 'டி' மூன்றையும் சேர்த்துத் தட்டினால் போதும். போட்டோஷாப்பில் கன்ட்ரோல், 'ஜே'. மூலப் படத்தின் மேல் நேரடியாக எந்த ஃபில்டரும் போடாதீர்கள். பின்னால் விமர்சனம் வரும்போது இந்த நகல்தான் உங்களைக் காப்பாற்றும்.

பிறகு ஃபில்டர்ஸ் மெனுவில் என்ஹான்ஸ், அதற்குள் ஷார்ப்பன். அன்ஷார்ப் மாஸ்க் என்ற பெயரும் அங்கேயே இருக்கும். ஃபிலிம் காலத்து இருட்டறையில் பிறந்த முறை இது. படத்தின் மங்கலான பிரதி ஒன்றை உருவாக்கி, அதற்கும் மூலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, அந்த வித்தியாசத்தை மூலத்தோடு கூட்டுகிறது. வித்தியாசம் எங்கே அதிகம்? விளிம்புகளில். அதனால் விளிம்பின் இருண்ட பக்கம் இன்னும் இருளும், வெளிச்சப் பக்கம் இன்னும் வெளுக்கும், கண்ணுக்கு அது கூர்மையாகத் தெரியும். ஃபில்டர் புதிய விவரம் எதையும் உண்டாக்குவதில்லை.

மூன்று அளவுகள் உண்டு. ரேடியஸ் என்பது விளிம்பிலிருந்து எத்தனை பிக்சல் தூரம் மாற்றம் பரவலாம் என்பது. ஜிம்ப் இதை 3 என்று வைத்துத்தான் திறக்கும். பெரிய புகைப்படத்துக்கு அது சரி. ஒரு கண்ணே ஏழெட்டு பிக்சல் இருக்கும் ஐகானில் 3 என்றால் கண் முழுக்க ஒளிவட்டம் போட்டுவிடும். 0.5க்குக் கொண்டுவாருங்கள். அமௌன்ட் என்பது வீரியம். 0.6இல் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள். போட்டோஷாப்பில் இதுவே 60 சதவீதம். த்ரெஷோல்ட் என்பது எவ்வளவு வித்தியாசம் இருந்தால் கூர்மையாக்க வேண்டும் என்ற எல்லை. அதை 0 என்றே விடலாம், தோலைக் காப்பாற்ற அடுத்த படியில் வேறு வழி இருக்கிறது.

போட்டோஷாப்பில் ஒற்றைத் தட்டில் வேலை செய்யும் சாதாரண ஷார்ப்பன் ஃபில்டரையும் பலர் பயன்படுத்துகிறார்கள். அதில் அளவு வைக்க இடமில்லை. போட்டவுடனே எடிட் மெனுவில் 'ஃபேட்' திறந்து 40, 50 சதவீதத்துக்கு இறக்குங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தாலே பாதி ஐகான்கள் பிழைத்துவிடும்.

இப்போது ஷார்ப்பன் செய்த லேயரின் மோடை (கீழே உள்ள லேயரோடு அது கலக்கும் விதத்தை) 'லூமினன்ஸ்' என்று மாற்றுங்கள். போட்டோஷாப்பில் 'லூமினாசிட்டி'. கூர்மை வெளிச்சத்தில் மட்டும் வேலை செய்யும், நிறத்தைத் தொடாது. சிவப்பு உதடு, சிவப்பு உடை இருக்கும் படங்களில் வித்தியாசம் உடனே தெரியும். வீடியோவில் நிறத் தகவல் பெரும்பாலும் வெளிச்சத் தகவலைவிடக் குறைந்த நுணுக்கத்தில்தான் பதிவாகிறது. அதனால் சிவப்பின் ஓரம் ஏற்கெனவே கசிந்திருக்கும். அந்தக் கசிவைக் கூர்மையாக்கினால் அழுக்குப் படிந்த மாதிரி ஆகிவிடும்.

படி 4: எங்கே கூர்மை?

ஷார்ப்பன் லேயருக்கு ஒரு கறுப்பு லேயர் மாஸ்க் சேருங்கள். மாஸ்க்கில் கறுப்பு இருக்கும் இடத்தில் லேயர் மறையும், வெள்ளை இருக்கும் இடத்தில் தெரியும். கூர்மை முழுவதும் மறைந்துவிடும். இப்போது ஓரம் மென்மையான, 5 பிக்சல் அளவுள்ள வெள்ளைத் தூரிகையால் வேண்டிய இடத்தில் மட்டும் தீட்டுங்கள்.

கண்களிலிருந்து தொடங்குங்கள். இமை ஓரம், கருவிழியில் விழும் ஒளிப்புள்ளி, பிறகு உதட்டின் கோடு. முன்பக்க முடியில் ஒன்றிரண்டு இழை. கன்னம், நெற்றி, கழுத்து, பின்னணி எதையும் தொடாதீர்கள். பின்னணி மென்மையாக இருந்தால்தான் கண் முன்னே வரும். கைகளைப் பற்றிய ஐகான் என்றால் விரல்களில் கூர்மை, முகத்தை விட்டுவிடலாம். எல்லா இடமும் ஒரே கூர்மையில் இருக்கும் ஐகான் எனக்குப் பிடிப்பதில்லை. அதில் செய்தவர் எதை நேசித்தார் என்று தெரியாது.

சோதனை எப்போதும் 100 சதவீத அளவில். 800 சதவீதத்தில் உற்றுப் பார்த்தால் எல்லாமே கட்டம் கட்டமாகத்தான் இருக்கும், முடிவெடுக்க உதவாது. ஐகானை ஒரு முறை வெள்ளைப் பின்னணியிலும் ஒரு முறை கறுப்பிலும் வைத்துப் பாருங்கள். முடிந்தால் போனிலும் பாருங்கள். நெருக்கமான பிக்சல் உள்ள திரைகள் சின்னப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும், அங்கே வெள்ளை ஓரம் ஒளிந்துகொள்ள முடியாது.

சேமிக்கும்போது பிஎன்ஜி போதும். 100×100 பிக்சல், ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 30,000 பைட். சுருக்காமலே 40 கேபிக்குள் அடங்குகிறது. ஜேபெக்காக்கி உங்கள் உழைப்பைக் கெடுத்துக்கொள்ளத் தேவையே இல்லை. லேயர்களோடு உள்ள எக்ஸ்சிஎஃப் அல்லது பிஎஸ்டி கோப்பையும் பத்திரமாக வையுங்கள்.

படி 5: விமர்சனம் வந்துவிட்டது, இனி?

லைவ்ஜர்னல் ஐகான் உலகத்தில் 'லாஸ்ட் ஐகான் மேக்கர் ஸ்டாண்டிங்' என்ற போட்டி முறை இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் யார் செய்தது என்று தெரியாமலே வாக்களிப்பார்கள், எது பலவீனமான ஐகான், ஏன் என்று காரணத்தோடு. அதிக வாக்கு வாங்கியவர் வெளியேறுவார். கடுமையான முறைதான். ஆனாலும் காரணம் எழுத வேண்டும் என்ற அந்த விதி எனக்கு மிகவும் பிடிக்கும். 'நன்றாக இல்லை' என்பதை வைத்து எதுவும் செய்ய முடியாது, 'முடி ஓரத்தில் வெள்ளையாக இருக்கிறது' என்றால் நேராக ஒரு லேயரைத் திறக்கலாம்.

எனவே எந்த விமர்சனம் வந்தாலும் முதல் கேள்வி: இது எந்த லேயரைப் பற்றியது? ஓவர்ஷார்ப் என்றால் ஷார்ப்பன் லேயரின் ஒபாசிட்டியை (லேயர் எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்ற அளவை) பாதியாக்கிப் பாருங்கள். வெள்ளை ஓரம் என்றால் ரேடியஸ். 'ஏதோ உறுத்துகிறது' என்று மட்டும் சொன்னால், எங்கே என்று ஒரே ஒரு முறை மரியாதையாகக் கேளுங்கள். 'முதலில் உங்கள் பார்வை எங்கே போனது?' என்பது நல்ல கேள்வி. கண்ணைக் காட்ட நினைத்த ஐகானில் அவர் காலரைப் பார்த்திருந்தால், காலரில் கூர்மை கூடிவிட்டது என்று அர்த்தம்.

படித்தவுடன் பதில் எழுதாதீர்கள். நேசித்துச் செய்த பொருளைக் குறை சொன்னால் வலிக்கத்தான் செய்யும், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. கோப்பைத் திறந்து, சொன்ன மாற்றத்தைச் செய்த பிரதி ஒன்றைச் சேமித்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வையுங்கள். மறுநாள் பாருங்கள். புதியது மேல் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். பழையதுதான் மேல் என்றால் 'பார்த்ததற்கு நன்றி, முயன்று பார்த்தேன், இந்தப் படத்துக்குப் பழையபடியே விடுகிறேன்' என்று சொல்லுங்கள். நியாயம் பேசி மூன்று பத்தி எழுத வேண்டாம்.

இருவர் எதிரெதிராகச் சொல்வதும் நடக்கும். ஒருவருக்கு மங்கல், இன்னொருவருக்கு ஓவர்ஷார்ப். அவரவர் எந்தத் திரையில் பார்த்தார்கள் என்று கேளுங்கள், பல நேரம் விடை அங்கேயே இருக்கும். மூன்று பேர் தனித்தனியாக ஒரே இடத்தைக் காட்டினால் அந்த இடத்தை மாற்றிவிடுங்கள். அந்த நடிகரையோ, அந்தத் தொடரையோ, உங்கள் ரசனையையோ கேலி செய்து வருவது விமர்சனக் கணக்கில் வராது. பதில் சொல்லாமல் கடந்து போகலாம்.

அப்புறம், நீங்களும் அடுத்தவர் ஐகானுக்குக் கருத்து எழுதுவீர்கள். இடத்தையும், அளவையும், செய்து பார்க்க ஒரு வழியையும் சேர்த்து எழுதுங்கள்: 'கண் அருமையாக வந்திருக்கிறது. இடது தோள் ஓரம் மட்டும் வெளுத்துத் தெரிகிறது. ஷார்ப்பன் மாஸ்க்கில் அங்கே கறுப்பு தீட்டிப் பாருங்களேன்.'