மலையில் பார்த்ததெல்லாம் மலைப்பறவையா?

ஆகஸ்டில் பினாங்கு கொடிமலை ரயிலில் ஏறி, திருமுருகன் கோயில் பக்கம் தொலைநோக்கியோடு நிற்கும் நம்மவர்களைக் கண்டால் மனம் நிறைகிறது. ஆனால் கோடையின் கடைசியில் பறவைகள் மலையேறும் என்று வெளிநாட்டுக் கையேட்டில் படித்ததை அப்படியே இங்கே பொருத்தாதீர்கள்.

படித்தது பொய்யில்லை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஜூலை, ஆகஸ்டில் அடிவாரம் காய்ந்துவிடும். உச்சியில் பனி உருகி, புல்வெளி அப்போதுதான் பூக்கும். குஞ்சு வளர்த்து முடித்த கதிர்க்குருவிகள் பூச்சி தேடி மேலே ஏறும். நான்கு கிராம் எடைகூடத் தேறாத செம்பழுப்பு ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்), அலாஸ்கா வரை போய்க் கூடு கட்டுகிறது. வசந்தத்தில் பசிபிக் கரையோரமாகப் போகும் அது, திரும்புகையில் மலைப் பூக்களில் தேன் குடித்துத் தங்கித் தங்கி மெக்சிகோ சேர்கிறது. வயிற்றுப்பாடுதான் காரணம்.

நமக்கு அந்தக் கோடை கிடையாது. கொடிமலையின் மிக உயர்ந்த முனையே 833 மீட்டர்தான். ஆண்டு முழுதும் பச்சை. ஆகஸ்டில் அடையாளம் தெரியாத பறவை தென்பட்டால், அரிய இனம் என்று முடிவு கட்டாதீர்கள். நிறம் கூடாத இளம்பறவையாகவோ, இறகு உதிர்க்கும் வளர்ந்த பறவையாகவோ இருக்கலாம். ஓர் இனம் எந்த உயரத்தில் வாழும் என்று கையேட்டில் உள்ள அளவையும் வேலியாக நினைக்க வேண்டாம். பறவை அதைப் படித்ததில்லை. நாள், நேரம், நின்ற உயரம், மூடுபனி இருந்ததா என்பதைக் குறித்து வையுங்கள். கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பது கூடவே கூடாது.

நம் மலைகளுக்கு உண்மையான வழிப்போக்கர்கள் வருவது செப்டம்பருக்குப் பிறகு, வடக்கேயிருந்து. பல இனங்கள் இரவில் பறக்கின்றன. மூடுபனி இரவில் பங்களா விளக்கு அவற்றைத் திசை தப்ப வைக்கிறது. நீல இறகுத் தோட்டக்கள்ளன் (பிட்டா) என்ற பறவை கண்ணாடியில் மோதி வாசலில் விழுந்து கிடப்பது இப்படித்தான். இங்கேதான் அன்பு மிகுந்தவர்களே அதிகம் தவறுகிறார்கள்: வாயில் தண்ணீர் ஊற்றுகிறார்கள், சோறு ஊட்டுகிறார்கள், பிள்ளைகள் கையில் கொடுக்கிறார்கள். தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்கினால் உயிரே போய்விடும். துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். தெளிந்துவிட்டால் விடிந்ததும் மரங்களுக்கு அருகே திறந்துவிடலாம். சிறகு தொங்கினால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானை அழையுங்கள். அக்டோபர், நவம்பர் இரவுகளில் மலைவீட்டின் வெளிவிளக்கை மறக்காமல் அணைத்துவிடுங்கள்.