பிரிட்டிஷ் பழங்காசு சேகரிப்பு: ஷில்லிங்கில் தொடங்குங்கள், சவரன் அப்புறம்

நகைக்கடையில் நாம் கேட்கும் 'சவரன்' ஒரு பிரிட்டிஷ் தங்கக் காசின் பெயர். 1817 முதல் அச்சான சாவரின் காசின் எடை 7.98 கிராம், நம் 8 கிராம் கணக்கு அதை ஒட்டியதுதான். அதனாலேயே பலர் முதலில் சவரனைத் தேடுகிறார்கள். என் யோசனை வேறு. முதல் ஆறு மாதம் வெள்ளியோடு பழகுங்கள். கைக்கும் கண்ணுக்கும் பழக்கம் வந்த பிறகு தங்கத்துக்குப் போகலாம்.

படி 1: பழைய கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

1971 பிப்ரவரி வரை பிரிட்டனில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஃபுளோரின் 2 ஷில்லிங், அரை கிரவுன் இரண்டரை, கிரவுன் 5 ஷில்லிங். ஒரு நல்ல விஷயம், 1816-க்குப் பிந்தைய வெள்ளிக் காசுகளின் எடையும் இதே விகிதத்தில்தான் போகும். ஷில்லிங் 5.66 கிராம் என்று மட்டும் மனதில் வைத்தால் போதும்: ஆறு பென்ஸ் 2.83, ஃபுளோரின் 11.31, அரை கிரவுன் 14.14, கிரவுன் 28.28. தேய்ந்த காசில் கொஞ்சம் குறையும். அதிகமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

படி 2: ஆண்டைப் பாருங்கள்

1919 வரை 92.5 சதவீதம் வெள்ளி. முதல் உலகப் போருக்குப் பின் வெள்ளி விலை ஏறியதால் 1920-இல் அதை 50 சதவீதமாகக் குறைத்தார்கள். 1947 முதல் புழக்கக் காசுகளில் வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும்தான். ஒரு 1919 ஷில்லிங்கையும் 1920-களின் தொடக்க ஷில்லிங் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்னதில், ஐந்தாம் ஜார்ஜின் கன்னமும் மீசையும் தேய்ந்த இடத்தில் பல நேரம் மஞ்சள் தட்டியிருக்கும்.

படி 3: சின்னதாக ஓர் இலக்கு வையுங்கள்

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்காதீர்கள். நான் சொல்வது விக்டோரியாவின் மூன்று ஷில்லிங்குகள். முதலாவதில் கூந்தலை நாடாவால் கட்டிய இளம்பெண். 1887-இல் வந்த இரண்டாவதில் உச்சந்தலையில் மிகச் சிறிய கிரீடம். 1893-இல் வந்த மூன்றாவதில் முக்காடு போட்ட மூதாட்டி. 18 வயதில் பட்டத்துக்கு வந்து 1901-இல் மறைந்தவரின் வாழ்க்கை முழுக்க ஓர் உள்ளங்கையில் அடங்கிவிடும். சாதாரண ஆண்டுகளாகப் பார்த்தால் பெரிய செலவும் இல்லை.

படி 4: கழுவாதீர்கள்

நம் வீட்டில் வெள்ளிக் கொலுசு கறுத்தால் விபூதி போட்டுத் தேய்ப்போம். அந்தப் பழக்கத்தில் 1889 ஷில்லிங் ஒன்றை நானும் தேய்த்தேன். பளிச்சென்று ஆனது. ஆனால் விளக்கொளியில் சாய்த்தால் ராணியின் முகம் முழுக்க மயிரிழைக் கீறல்கள். அதைப் பார்க்கும்போது இன்றும் மனசு வலிக்கிறது. அந்தக் கறுப்பு அழுக்கு அல்ல. நூறாண்டில் படிந்த நிறம், சேகரிப்பாளர்கள் அதற்குத்தான் விலை கொடுக்கிறார்கள். காசை விளிம்பில் பிடியுங்கள். மெத்தென்ற பிவிசி உறைகள் நாளடைவில் பச்சைப் பிசுக்கு விடும். காசு அளவிலான கடினமான பிளாஸ்டிக் டப்பிகளே நல்லது.

கருவிகள் அதிகம் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, விட்டம் அளக்க ஒரு வெர்னியர் அளவி.

படி 5: இப்போது தங்கம்

சாவரின் 22 காரட், விட்டம் 22 மில்லிமீட்டர், அதிலுள்ள சுத்தத் தங்கம் 7.32 கிராம். அன்றைய தங்க விலையால் இதைப் பெருக்கிப் பாருங்கள். சாதாரண ஆண்டுக் காசு அந்தத் தொகைக்கு ரொம்ப மேலே போனால் காரணம் கேளுங்கள். கீழே போனால் வாங்கவே வேண்டாம்.

ஐந்தாம் ஜார்ஜ் காலத்துக் காசில், பிஸ்ட்ருச்சி என்ற இத்தாலியக் கலைஞர் செதுக்கிய, குதிரைவீரன் டிராகனை வீழ்த்தும் பக்கத்தைத் திருப்பி, ஆண்டுக்கு மேலே உள்ள தரைக்கோட்டில் லென்ஸை வையுங்கள். கடுகளவு எழுத்து தெரிந்தால் அது அச்சிட்ட ஊர்: 'எஸ்' சிட்னி, 'எம்' மெல்போர்ன், 'பி' பெர்த். எழுத்தே இல்லாவிட்டால் லண்டன். 'ஐ' இருந்தால் பம்பாய்! 1918 என்ற ஒரே ஆண்டுக்குத்தான் அங்கே சாவரின் அச்சானது.

அப்புறம் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். காசுமாலையிலோ பதக்கத்திலோ இருந்த காசென்றால் வளையம் பற்றவைத்த தடம் மேல் பகுதியில் இருக்கும். அதைத் தங்க விலைக்கு மேல் வாங்காதீர்கள்.

அரை சாவரினில் கூடுதல் கவனம் வேண்டும். 1887-இல் வந்த ஆறு பென்ஸ் காசு வடிவத்திலும் அளவிலும் அரை சாவரின் போலவே இருந்தது. அதற்குத் தங்க முலாம் பூசி மக்களை ஏமாற்றியதால் அதே ஆண்டு வடிவத்தை மாற்றினார்கள். அந்த முலாம் காசுகள் இன்றும் கிடைக்கின்றன. தராசில் வையுங்கள்: அரை சாவரின் 3.99 கிராம், ஆறு பென்ஸ் 2.83.